நாற்பத்தேழு கட்டங்கள்

டோட்மூண்ட்
11.10.1992

அன்பின் மலருக்கு,

ஆவணியில் நீர் போட்ட கடிதம் நேற்றுத்தான் வந்தது. உறையின் ஒரு மூலை நனைந்து காய்ந்திருந்தது. நீரும் தயாவும் சுகம் என்ற வரியை முதலில் தேடிப் பிடித்து வாசித்துவிட்டுத்தான் மிச்சத்துக்குப் போனேன். எனக்கு ஒரு குறையுமில்லை. குளிர் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர். கோப்பை கழுவினது போதும் என்று கடவுள் நினைத்திருக்க வேண்டும். ஒரு வருஷமாகப் பெயர்ப்பலகை செய்யும் கடை ஒன்றில் நிற்கிறேன். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் படம் கீறின கை இது என்று சொன்னேன். முதலாளி என்னைக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்திவிட்டார். பேனை இல்லை, றேசிங் தாள் இல்லை. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு வளைகிறது என்று மட்டும் சொன்னால் போதும், மிச்சத்தை அது கணக்குப் பார்த்துக் கீறும். நேற்று ஒரு பாண் கடைக்காரனின் பெயரை உம்முடைய சுண்டுவிரல் நகத்தளவில் கீறினேன். பிறகு அதையே லொறிப் பக்கத்துக்கு ஆளுயரத்தில் வெட்டி ஒட்டினோம். ஒரு இடத்திலும் பிசிறில்லை. தயாவுக்குச் சொல்லும். இந்த வித்தை அவனுக்குப் பிடிக்கும்.

இனி முக்கியமான விஷயம். வருகிற மாசியோடு அவனுக்குப் பதினேழு. அதற்குப் பிறகு இந்தச் சண்டைக்குள் அவனை அங்கே வைத்திருப்பது பயம் என்று நீர்தான் எழுதினீர். நான் ஒரு ஆளோடு கதைத்து எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டேன். கிளாலியில் படகேறி அக்கரை போய், வவுனியாவால் கொழும்புக்கு வந்தால் போதும். என் சிநேகிதன் சிமியோன் வெள்ளவத்தையில் இருக்கிறான். பாஸ்போட் அலுவலை அவன் பார்ப்பான். தைக்குள் அனுப்பிவிடும்.

எனக்கு இன்னும் விசா சரிவரவில்லை. எட்டு வருஷமாக உம்மைக் கூப்பிட வழியில்லாமல் இருக்கிறேன். பிள்ளையாவது முதலில் வந்து சேரட்டும். யோசியாதையும்.

அன்புடன்,
தில்லைநாதன்


இணுவில்
29.11.1992

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே விடாத மழை. பஞ்சலிங்கம் அண்ணை தன் வீட்டில் எங்களுக்கு விட்ட அறை ஒழுகவில்லை, அது பெரிய காரியம். காங்கேசன்துறையை விட்டு ஓடிவந்து இரண்டரை வருஷமாகிறது. அண்ணியும் இன்னும் முகம் சுளிக்கவில்லை. கரண்ட் இல்லாதது பழகிவிட்டது. தயா ஜாம் போத்தல் விளக்கில் படிக்கிறான். புகைக்கு மூக்கு இரண்டும் கறுத்துப்போய்த்தான் காலையில் எழும்புகிறான்.

உங்கள் கடிதத்தை அவனிடமே கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தான்.

"போறன் அம்மா."

"உனக்கு விருப்பமோ?"

"அப்பா கூப்பிடுறார் எல்லோ."

பிறகு கொம்பியூட்டர் கோடு கீறுகிற கதையை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டான். எனக்கு என்ன தெரியும்? அப்பாவிடமே போய்க் கேள் என்றேன்.

நீங்கள் போகும்போது எட்டு வயதுப் பிள்ளை. இப்போது குரல் உடைந்துவிட்டது. முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டு, கிணற்றடியில் யாரோ ஆம்பிளை வந்து நிற்கிறார் என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு திரும்பினேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்கு விருப்பமில்லை, அத்தான். அதை இந்த ஒரு தரம் எழுதிவிடுகிறேன். பிறகு எழுதமாட்டேன். அந்தக் கடலில் போனவர்கள் எல்லோரும் போய்ச் சேரவில்லை. ஆனால் இங்கே வைத்திருந்தும் நான் எப்படிக் காப்பாற்றப் போகிறேன்? பொங்கல் முடிய அனுப்புகிறேன்.

சாப்பாட்டைக் கவனியுங்கள்.

உங்கள்
மலர்


இணுவில்
21.02.1993

அன்புள்ள அத்தானுக்கு,

சிமியோன் ரெலிபோனில் சொல்லியிருப்பார். எனக்கு இன்றைக்குத்தான் பேனை பிடிக்க முடிகிறது.

தை இருபத்தைந்தாம் திகதி போனவன். அந்தப் படகில் பதினேழு பேர். நடுக்கடலில் நேவியின் துவக்குச் சூடு பட்டுப் படகு கவிழ்ந்ததாம். ஐந்து பேர் எப்படியோ இந்தக் கரைக்கு நீந்தி வந்தார்கள். ஏழு உடல் ஒதுங்கியது. அண்ணை கிளாலிக்குச் சைக்கிளில் போய் ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வந்து படலையில் நின்றபடியே, "இல்லை மலர், அதுக்குள்ளை எங்கடை பிள்ளை இல்லை" என்றார். சொல்லிவிட்டு அவர்தான் அழுதார்.

மற்ற ஐந்து பேர் எங்கே? நீந்தி வந்தவர்களிடம் போனேன். இருட்டில் யாரையும் பார்க்கவில்லை என்கிறார்கள். பூநகரிப் பக்கம் ஒதுங்கின சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக ஒரு கதை. பிடித்துக்கொண்டு போனதாக இன்னொரு கதை. அடையாளம் சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறேன். "படம் இருக்கோ அம்மா?" என்று கேட்கிறார்கள்.

படங்கள் எல்லாம் காங்கேசன்துறை வீட்டோடு போய்விட்டன. உங்களுக்குக் கடைசியாக அனுப்பினது பன்னிரண்டு வயதுப் படம். அதற்குப் பிறகு இங்கே ஃபிலிம் ஏது? அடையாள அட்டைக்கு எடுத்த படங்களையும் அவன் தன்னுடனே கொண்டுபோனான். எடுத்த ஸ்டூடியோக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார்.

ஒரேயொரு வகுப்புப் படம் இருக்கிறது. 1991 கடைசியில் எடுத்தது, நாற்பத்திரண்டு பிள்ளைகள். மூன்றாம் வரிசையில் இடப்பக்கமிருந்து ஐந்தாவது தயா. முகம் உளுந்தளவு. அவனுடைய வகுப்பாசிரியை றோஸ் ரீச்சர் கொழும்புக்குப் போகிறா. அவவின் கையில் கொடுத்துவிடுகிறேன். சிமியோன் உங்களுக்கு அனுப்புவார்.

நகத்தளவை ஆளுயரமாக்கினேன் என்று எழுதினீர்களே. ஆளுயரம் வேண்டாம். அவன் முகத்தை மட்டும் ஒரு கொப்பித் தாளளவுக்குப் பெருப்பித்து அனுப்புங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தில் கொடுப்பேன். வவுனியாவுக்குப் போகிறவர்கள் வருகிறவர்களுக்குக் காட்டுவேன். சுறுக்காக அனுப்புங்கள்.

மலர்


டோட்மூண்ட்
02.05.1993

அன்பின் மலருக்கு,

படம் போன கிழமை கைக்கு வந்தது. நீர் கேட்ட வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மலர், நான் உமக்குச் சரியாக விளங்கப்படுத்தாமல் விட்டுவிட்டேன். லொறியில் ஒட்டின பெயர் வேறு, புகைப்படம் வேறு. பெயர் என்பது கோடு. கோட்டை இந்த மெசின் கணக்காக ஞாபகம் வைத்திருக்கிறது. எந்த அளவில் கேட்டாலும் அந்த அளவுக்குப் புதிதாகக் கீறித் தரும். புகைப்படத்தை அப்படி வைத்திருக்க அதற்குத் தெரியாது. ஸ்கானர் என்று ஒன்று இருக்கிறது. அது படத்தைக் குறுக்கும் நெடுக்கும் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு கறுப்பு என்று ஒரு இலக்கம் எழுதிவைக்கும். அவ்வளவுதான். அது முகமோ மதிலோ என்று அதற்குத் தெரியாது. நீர் மானிப்பாயில் படிக்கும்போது கட்டத்துணியில் குறுக்குத்தையல் தைத்தீரே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளும்.

தயாவின் முகம் நாலு மில்லிமீற்றர் அகலம். அதற்குள் குறுக்கே நாற்பத்தேழு கட்டம் கிடைத்தது. கொப்பித் தாளளவுக்குப் பெருப்பித்தேன். நாற்பத்தெட்டாவது கட்டம் எங்கிருந்தும் வரவில்லை. அந்த நாற்பத்தேழும்தான் ஒவ்வொன்றும் உளுந்தளவாக வீங்கி நிற்கின்றன. கண் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு கறுப்புக் கட்டம். வாய் இருக்கிற இடத்தில் ஒரு சாம்பல் வரிசை.

நான் திரும்பத் திரும்பப் பெருப்பிப்பதை முதலாளி பின்னால் நின்று பார்த்தார். "அந்தப் படத்துக்குள் இருப்பது இவ்வளவுதான், இல்லாததை இந்த மெசின் எங்கே போய் எடுக்கும்?" என்றார். தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். இந்த நாட்டில் யாரும் அப்படிக் கைவைப்பதில்லை.

அந்தத் தாளை இதனுடன் வைக்கிறேன், வெட்கத்தோடு. இதைக் காட்டி யாரையும் கேட்க முடியாது. வேறு ஒரு வழி யோசித்திருக்கிறேன். கொஞ்சம் பொறும்.

அன்புடன்,
தில்லைநாதன்


டோட்மூண்ட்
06.06.1993

அன்பின் மலருக்கு,

உம்முடைய பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

கட்டங்களுக்கு மேலே கோடு கீறினேன். மூன்று கிழமை, வேலை முடிந்த பிறகு தினமும் கடையில் இருந்து செய்தேன். நாடிக்கு ஒரு வளைவு, காதுக்கு ஒன்று, இமைக்கு ஒன்று. கட்டம் ஒன்றும் சொல்லாத இடங்களில் நானாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவனுடைய பன்னிரண்டு வயதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இப்போது கண் கண்ணாக இருக்கிறது, மூக்கு மூக்காக இருக்கிறது. இனி இதைத் தபால்தலை அளவிலும் அடிக்கலாம், கோயில் மதில் அளவிலும் அடிக்கலாம். இங்குள்ள எங்கள் ஆட்களுக்குக் காட்டினேன். "அப்பனை உரிச்சு வைச்சிருக்கு" என்றார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன ஞாயிறு இங்கே ஒரு மண்டபம் எடுத்து அஞ்சலி வைத்தோம். எண்பது பேர் வந்தார்கள். மேடையில் இந்தப் படத்தை ஆளுயரத்தில் வைத்து மாலை போட்டோம். தேவாரம் பாடினார்கள். அச்சடித்த அஞ்சலித் துண்டு ஒன்றும் உமக்கு வைத்திருக்கிறேன்.

நாலு மாதமாகிவிட்டது, மலர். எவ்வளவு காலத்துக்குத்தான் நீர் றோட்டு றோட்டாகத் திரியப் போகிறீர்? நாங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். படத்தைக் கண்ணாடி போட்டு அங்கேயும் சுவரில் வையும்.

அன்புடன்,
தில்லைநாதன்


இணுவில்
22.08.1993

அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டு உறையும் ஒரே நாளில் வந்தன.

கோட்டுப் படத்தைத்தான் முதலில் பிரித்தேன். அழகாக இருக்கிறது. அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "தில்லைநாதன் கலியாணத்தண்டு இருந்த மாதிரியே கிடக்கு" என்றார். உண்மைதான். இது நீங்கள். உங்கள் மூக்கு, உங்கள் நாடி. வகிடுகூட உங்களைப் போல் வலப்பக்கம். எங்கள் பிள்ளை வகிடே எடுப்பதில்லை. இதை நான் யாரிடம் கொண்டுபோய்க் காட்ட? இப்படி ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று எல்லோரும் மனச்சாட்சியோடு சொல்லுவார்கள். இப்படி ஒரு பிள்ளை இந்த ஊரில் இருந்ததேயில்லை.

கட்டப் படத்தை வெட்கத்தோடு அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கையில் வைத்துப் பார்க்க ஒன்றும் விளங்கவில்லைத்தான். விறாந்தைச் சுவரில் குத்திவிட்டுத் தண்ணீர் அள்ளப் போனேன். கிணற்றடியிலிருந்து தற்செயலாகத் திரும்பினேன். வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டேன், அத்தான். தயா சுவரில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டப் போனால் கட்டமாகிவிடுகிறான். பின்னுக்குப் போனால் வருகிறான். அன்று முழுக்க முற்றத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அண்ணி பயந்துபோனா.

அதில் கொஞ்சம்தான் இருக்கிறது. ஆனால் அது அவன்.

துண்டில் 'அமரர்' என்று போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு யார் சொன்னது? ஒதுங்கின ஏழு பேரில் அவன் இல்லை. நான் இங்கே உயிருள்ள பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அங்கே எண்பது பேரைக் கூப்பிட்டு மாலை போட்டிருக்கிறீர்கள். பெற்றவளிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கடிதம் போய்வர மூன்று மாதம் ஆகும்தான். மூன்று மாதம் பொறுத்திருக்கலாம்.

கோட்டுப் படத்தையும் துண்டையும் திருப்பி அனுப்புகிறேன். வகுப்புப் படம் எனக்கு வேண்டும்.

மலர்


டோட்மூண்ட்
05.02.1995

அன்பின் மலருக்கு,

ஒன்றரை வருஷமாக உம்மிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் போட்டதில் எத்தனை வந்து சேர்ந்ததோ தெரியாது. இது வந்து சேரும் என்று நினைக்கிறேன். சண்டை நின்றிருக்கிறது, தபாலும் ஓடுகிறது என்கிறார்கள். வகுப்புப் படத்தைச் சிமியோனுக்கு அனுப்பியிருக்கிறேன். நம்பின ஆள் கையில் உமக்குத் தருவான்.

முகம் பார்க்கிற கண்ணாடியை முன்னால் வைத்துத்தான் கீறினேன், மலர். நீர் கண்டுபிடித்துவிட்டீர்.

வகுப்புப் படம் வந்த அன்று உறையைப் பிரித்து நாற்பத்திரண்டு முகத்தையும் பார்த்தேன். என் பிள்ளை எது என்று தெரியவில்லை. நீர் எழுதினபடி மூன்றாம் வரிசையில் விரல் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித்தான் அவனிடம் போனேன். இரண்டாம் தரமும் எண்ணித்தான் போனேன். அந்த வெட்கத்தை உமக்கு எழுத முடியவில்லை. கட்டம் மங்கின இடமெல்லாம் என் முகத்தைப் போட்டு மூடினேன். அவனைக் கூப்பிட்டது நான். அவன் எங்கேயோ அடைபட்டுக் கிடக்கிறான் என்று நினைத்துக்கொண்டு என்னால் ஒரு நாளும் எழும்பி வேலைக்குப் போயிருக்க முடியாது. முடிந்துவிட்டது என்று நினைத்தால் போக முடிந்தது. அதனால்தான் அந்த அஞ்சலி. உமக்காக அல்ல.

எனக்கு விசா கிடைத்துவிட்டது. இனி உம்மைக் கூப்பிடலாம், பாதையிலும் இப்போது பயம் குறைவு. கொழும்புக்கு வந்துவிடும். இங்கே இரண்டு அறை வீடு எடுத்திருக்கிறேன். பதினொரு வருஷம் போதும். நீர் என்னைத் திட்டுவதென்றாலும் கிட்ட இருந்து திட்டும்.

உம்முடைய
தில்லைநாதன்


இணுவில்
26.03.1995

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதமும் வகுப்புப் படமும் வந்து சேர்ந்தன. நீங்கள் கண்ணாடி விஷயத்தை ஒளிக்காமல் எழுதியது நல்லது. நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன். இருந்து வாசியுங்கள்.

மாசி நடுப்பகுதியில் ஒரு மீன்காரர் சைக்கிளில் வந்தார். எங்கள் ஒழுங்கைக்குப் புது ஆள். படலையடியில் நின்று தராசைத் தூக்கினவர், விறாந்தைச் சுவரில் இருந்த கட்டப் படத்தைப் பார்த்துவிட்டுத் தராசைக் கீழே வைத்தார்.

"அக்கா, உந்தப் பொடியன் ஆர்?"

"என்ரை மகன்."

"உவனை எனக்குத் தெரியும்."

பாசையூர்க் கனிசியஸ் என்று பெயர். அந்தப் படகின் எஞ்சின்காரர் அவர்தான். காணாமல்போன ஐந்து பேரில் ஒருவர். காலில் காயத்தோடு அக்கரையில் ஒதுங்கி, மன்னாரில் கிடந்து, சண்டை நின்ற பிறகுதான் ஊருக்கு வந்திருக்கிறார். உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். அண்ணை பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்குப் பக்கத்திலைதான் அக்கா இருந்தவன். எஞ்சின் என்னெண்டு ஓடுது, புறொப்பெல்லர் என்னெண்டு சுத்துது எண்டு ஓயாமல் கேள்வி. 'எங்கை தம்பி போறாய்?' எண்டு கேட்டன். 'ஜேர்மனிக்கு, அப்பாட்டை' எண்டான். 'அப்பா என்னைக் கண்டா ஆரெண்டு மட்டுக்கட்டமாட்டார் அண்ணை. நான்தான் அவரை மட்டுக்கட்டோணும்' எண்டு சொல்லிச் சிரிச்சவன். பிறகுதான் சூடு. முதல் வெடியே அவனுக்குத்தான். என்ரை மடியிலை சரிஞ்சவன். ஒரு சத்தமும் போடேல்லை. நோகேல்லை அக்கா. படகு பிரளேக்கைதான் என்ரை கையாலை போனவன்."

நோகவில்லை என்றதை அவர் எனக்காகச் சொன்னாரோ தெரியாது. நான் திருப்பிக் கேட்கவில்லை. மீன் வாங்கவும் மறந்துவிட்டேன்.

கீரிமலைக்கு இப்போது யாரையும் விடமாட்டார்கள். ஆகையால் திருவடிநிலைக் கடலில் அந்தியேட்டிக் கிரியையைச் செய்தோம். அண்ணை செய்தார். நீங்கள் செய்திருக்க வேண்டியது. நீங்கள் சொன்ன 'அமரர்' சரியாகிவிட்டது. ஆனால் நீங்கள் சொன்ன அன்று அது உங்களுக்குத் தெரியாது. அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

நான் அங்கே வரவில்லை. கோபத்தில் எழுதவில்லை, ஒரு மாதம் யோசித்துத்தான் எழுதுகிறேன். கூப்பிட்டது நீங்கள், அனுப்பினது நான். இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், காலையும் மாலையும் அதைத்தான் பார்ப்போம். தூரத்தில் இருந்தால் ஒருவேளை நீங்கள் நீங்களாகவும் நான் நானாகவும் இருக்கலாம். உங்களைக் குறை சொல்லி யாரிடமும் கதைக்கமாட்டேன். நீங்களும் இனி எனக்காக அங்கே வீடு பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

எண்ணாமல் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று எழுதினீர்கள். அது என்னைத் தூங்கவிடவில்லை. பெற்ற தகப்பனுக்குத் தெரியவேண்டும். ஆகையால் சொல்கிறேன். இதை வைத்துப் படம் ஒன்றும் கீறவேண்டாம். கீறினால் கீறினதுதான் நினைவில் நிற்கும். வாசித்து வைத்திருங்கள்.

மூக்கு என் ஐயாவின் மூக்கு, நுனி கொஞ்சம் அகலம். மேலுதட்டில் பூனைமயிர், அதை நாங்கள் பார்த்தால் கையால் மறைப்பான். இடது புருவத்தில் ஒரு வெட்டு, காங்கேசன்துறையிலிருந்து ஓடிவரும்போது முட்கம்பி கிழித்தது. சிரித்தால் இடது கண் முதலில் மூடும். கதைக்கும்போது யாரையும் நேரே பார்க்கமாட்டான், கேட்கும்போது மட்டும் பார்ப்பான்.

போன அன்று உங்கள் சாம்பல் நிறக் காற்சட்டையைத்தான் போட்டான். நாங்கள் ஓடிவரும்போது கையில் அகப்பட்ட பெட்டிக்குள் கிடந்தது. இடுப்புக்குப் பெரிது, கயிறு போட்டுக் கட்டினான். ஆனால் கால் நீளம் காணாது, கணுக்கால் தெரிந்தது. "கழட்டடா, கீழ் மடிப்பை அவிட்டுத் தைச்சுத் தாறன்" என்றேன்.

"வேண்டாம் அம்மா, வீண் வேலை," என்றான். "போய்ச் சேர எப்பிடியும் இன்னும் வளந்திடுவன்."

இப்படிக்கு,
இராசமலர்